சந்தை வழியே நடந்தவள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்து நாட்டுப்பாடல்களைப் பற்றிய கட்டுரையில் ‘ஷி மூவ்ட் த்ரூ த ஃபேர்’ என்ற பாட்டைக் குறிப்பிட்டிருந்தீர்கள். கேட்ட நாளிலிருந்து வேறு எதுவும் காதில் ஏறவில்லை. நான் கிளாசிக்கல் கிட்டார் கற்கிறேன், சில கிரேடுகள் முடித்திருக்கிறேன். சிறுவயதில் கொஞ்சம் வாய்ப்பாட்டும் உண்டு. இந்தப் பாட்டின் நோட்டேஷனை வாங்கி இரண்டு மாதமாக வாசிக்கிறேன். சுரம் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் பாட்டாக இல்லை, பயிற்சிப் பாடம் மாதிரி இருக்கிறது. காலத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் வைத்து வாசி என்கிறார் ஆசிரியர். நைலான் தந்தியில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் இசை எடுபடாது, ஸ்டீல் தந்தி கிட்டார் வாங்கு என்கிறார் ஒரு நண்பர். பாட வேண்டியதை ஏன் கிட்டாரில் போட்டுக் கொல்கிறாய் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

கே., மதுரை

அன்புள்ள கே.,

மூவரும் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. ஆனால் உங்கள் சிக்கலை யாரும் தொடவும் இல்லை. உங்கள் கடிதத்தில் சுரம் இருக்கிறது, தாளம் இருக்கிறது, தந்தி இருக்கிறது. பாட்டில் வரும் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொற்களைப் படிக்காமலேயே வாசிக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. கிரேடு தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் இது சகஜம். வாங்கிய நோட்டேஷனில் சொல் அச்சாகியிருக்காது; ஆகவே சொல்லே கிடையாது என்று கை நினைத்துக்கொள்கிறது.

கதை சின்னதுதான். ஒரு பெண் தன் காதலனிடம் சொல்கிறாள்: அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள், உன்னிடம் மாடு கன்று இல்லையென்று அப்பாவும் இளக்காரமாகப் பார்க்கமாட்டார், நம் கல்யாணத்துக்கு இனி அதிக நாள் இல்லை. சொல்லிவிட்டுச் சந்தைக்குள் நடந்து போகிறாள். அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். பிறகு வீடு திரும்புகிறாள். வானில் ஒற்றை வெள்ளி, ஏரியில் போகும் அன்னம் போன்ற நடை. கடைசிச் சரணத்தில் ஓர் இரவு அவனிடம் வருகிறாள், காலடிச் சத்தமே இல்லாமல். வந்து அதே வரியைச் சொல்கிறாள்: கல்யாணத்துக்கு இனி அதிக நாள் இல்லை. இறந்துபோனவள்தான் வந்திருக்கிறாள் என்று சில பாடகர்கள் ஒரு சொல்லை மாற்றி வெளிப்படையாகவே பாடிவிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தக் காலடிச் சத்தம் இல்லாததே போதும்.

இப்போது உங்கள் நோட்டேஷனைப் பாருங்கள். முதல் சரணத்தில் அந்த வரி வாக்குறுதி. கடைசிச் சரணத்தில் அதே வரி அவனையும் கூட்டிப்போக வந்த அழைப்பு. மெட்டு இரண்டுக்கும் ஒன்றேதான். பாடுகிறவருக்குச் சொல் கைகொடுக்கிறது; உங்களுக்கு அது இல்லை. எல்லாச் சரணத்தையும் ஒரே மாதிரி வாசித்தால் கேட்பவருக்குக் கிடைப்பது ஒரு மெட்டு, சில தடவை. முதல் சரணத்தை வெறும் மெட்டாக, கீழே தடித்த தந்திகளின் பேஸ் சுரம்கூட இல்லாமல் வாசித்துப் பாருங்கள். அவள் நடந்து போகும்போது பேஸ் வரட்டும். கடைசிச் சரணத்தை ஒரு ஸ்தாயி இறக்கி, நகம் படாமல் கட்டைவிரலின் சதையால் மட்டும் வாசியுங்கள். இது ஒரு வழி. சொற்களை மனப்பாடம் செய்தபிறகு உங்களுக்கே வேறு வழி தோன்றும், அது இதைவிட நன்றாகவும் இருக்கலாம்.

மெட்ரோனோம் விஷயம். இந்தப் பாட்டைப் பெரும்பாலும் 3/4 என்று அச்சிடுகிறார்கள். அச்சிட ஏதாவது ஒரு கணக்கு வேண்டுமே, அதற்காக. அயர்லாந்தின் பழைய பாடகர்கள் ஐரிஷ் மொழியிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி, இதுபோன்ற பாடல்களைப் பக்கவாத்தியம் இல்லாமல் தனிக்குரலில் பாடியவர்கள். வரி எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீளம், மூச்சு எங்கே தீருமோ அங்கே நிறுத்தம். நம்மூரில் விருத்தம் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விருத்தத்துக்கு யாராவது மெட்ரோனோம் வைப்பார்களா? முதலில் வாயால் பாடுங்கள், குரல் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. எங்கே மூச்சு விடுகிறீர்களோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடுகள் பல இடங்களில் தாளக்கோட்டோடு பொருந்தாது. பொருந்தாத இடத்தில் பென்சில் கோட்டை நம்புங்கள்.

அடுத்தது கார்டுகள், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைப்பது. என் சந்தேகம் முக்கியமாக இங்கேதான். டி-யை ஆதாரமாக வைத்தால் இந்த மெட்டின் சுரங்கள் டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி, சி. மேற்கில் மிக்ஸோலிடியன் என்பார்கள். வாய்ப்பாட்டு கற்ற உங்களுக்கு இது ஹரிகாம்போஜியின் சுரவரிசை, இருபத்தெட்டாவது மேளம். சி ஷார்ப் இல்லை. சாதாரண சி, அதாவது கைசிகி நிஷாதம். அந்த நிஷாதத்தில்தான் இந்தப் பாட்டின் ஏக்கமெல்லாம் இருக்கிறது. பல நோட்டேஷன்களில் வரி முடியும்போது ஏ மேஜர் அல்லது ஏ செவன்த் போட்டு டி-க்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள், பள்ளிப்பாடம் அப்படித்தான் சொல்கிறது. ஏ மேஜருக்குள் இருப்பது சி ஷார்ப். மெட்டு ஒரு நிஷாதம் சொல்ல, கார்டு இன்னொரு நிஷாதம் சொல்கிறது. உங்கள் பிரதியில் அப்படி இருந்தால் தயங்காமல் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் சி மேஜர் போடலாம். என்னைக் கேட்டால் கார்டே வேண்டாம். ஆறாம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இப்போது ஆறு, ஐந்து, நான்கு ஆகிய மூன்று தந்திகளும் திறந்த நிலையில் டி, ஏ, டி. அதாவது ஸ, ப, ஸ. தம்பூரா கையிலேயே இருக்கிறது. அதைவிட அதிகமாக இந்த மெட்டு எதுவும் கேட்பதில்லை.

தம்பூரா என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹரிகாம்போஜி என்று தெரிந்ததும் உங்கள் இடதுகை நிஷாதத்தை அசைக்கப் பார்க்கும். வேண்டாம். இந்தப் பாட்டின் அலங்காரம் வேறு: மேலேயுள்ள சுரத்தைக் கண நேரம் தொட்டுவிட்டு இறங்குவது, அவ்வளவே. கிட்டாரில் ஒரு புல் ஆஃப் போதும், அதாவது இடதுகை விரலாலேயே தந்தியைக் கிள்ளி விடுவது. வரிக்கு ஒன்று இருந்தால் அழகு, மூன்று இருந்தால் அலட்டல்.

நைலான் தந்தியைப் பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பாடகி ஒரு சுரத்தை நீட்டும்போது அது வளரும். கிட்டாரில் கிள்ளிய கணமே தேயத் தொடங்கும். ஸ்டீலைவிட நைலான், குறிப்பாக மேல் தந்திகளில், சீக்கிரம் தேயும். இந்தப் பாட்டோ முழுக்க நீண்ட சுரங்கள். வெறுமைக்குப் பயந்து, நீட்டும் இடத்திலெல்லாம் கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக உதிர்க்கும் ஆர்பெஜியோவைக் கொட்டி நிரப்புகிறார்கள். ஆவி வருகிற பாட்டு தாலாட்டாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, பாடகர்களைவிடக் கொஞ்சம் விரைவாகவே வாசியுங்கள். நீட்டும் இடத்தில் மெட்டின் சுரம் பாதி தேய்ந்தபின் கீழ் டி-யை ஒரே ஒரு முறை தொடுங்கள். மெட்டோடு சேர்த்துத் தொடக்கூடாது, பிந்தித் தொட வேண்டும்.

நைலான் கிட்டாரில் இதற்கு இன்னொரு நல்ல மருந்து இருக்கிறது: காம்பனெல்லா. ஸ்பெயின்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே செய்தது. ஈ, டி, சி, பி, ஏ, ஜி என்று இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒன்றாம் தந்தி திறந்து, பிறகு இரண்டாம் தந்தியில் 3, 1 ஆகிய ஃபிரெட்கள் (கழுத்தின் குறுக்குக் கம்பிகள்), திறந்து, மூன்றாம் தந்தியில் 2, திறந்து என்று போவீர்கள். பெரும்பாலும் புதிய சுரம் பழைய சுரத்தைக் கொன்றுவிட்டுத்தான் பிறக்கும். இப்படி மாற்றுங்கள்: ஈ ஒன்றாம் தந்தியில் திறந்து, டி இரண்டாம் தந்தியில் மூன்றாம் ஃபிரெட், சி மூன்றாம் தந்தியில் ஐந்தாம் ஃபிரெட், பி இரண்டாம் தந்தியில் திறந்து, ஏ நான்காம் தந்தியில் ஏழாம் ஃபிரெட், ஜி மூன்றாம் தந்தியில் திறந்து. அதே தந்தி திறந்து ஒலிக்க வேண்டிவரும்வரை விரலை எடுக்காமல் வைத்திருங்கள். அடுத்தடுத்த சுரங்கள் வேறுவேறு தந்திகளில் விழுவதால் ஒன்றின்மேல் ஒன்று கலந்து ஒலிக்கும். முதலில் இடதுகை குழம்பும், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஒரு எச்சரிக்கை: மெட்டைத் தடிமனாக்க அபொயாண்டோ பயன்படுத்துவீர்கள் அல்லவா, அதில் விரல் பக்கத்துத் தந்தியில் போய்ச் சாய்ந்து அதன் ஒலியை அணைத்துவிடும். ஆகவே வரியின் முதல் சுரத்துக்கு மட்டும் அபொயாண்டோ, இந்த இறக்கங்களுக்குப் பக்கத்துத் தந்தியைத் தொடாமல் கிள்ளும் டிராண்டோ.

இதற்கு உங்கள் கிட்டார்தான் வசதி. கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து, தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட் அருகே சுமார் 52 மில்லிமீட்டர் அகலம், ஸ்டீல் கிட்டாரில் 43, 44 இருக்கும். தந்திகளுக்கிடையே இடம் இருப்பதால் ஒரு விரல் பக்கத்துத் தந்தியை உரசாமல் நிற்கும். சந்தேகம் இருந்தால் கிளாஸ்கோவில் பிறந்த டேவிட் ரஸ்ஸல் 1998இல் வெளியிட்ட ‘மெசேஜ் ஆஃப் த சீ’ தொகுப்பைக் கேளுங்கள். முழுக்கக் கெல்டிக் மெட்டுகள், முழுக்க நைலான்.

உங்கள் நண்பர் மனதில் வைத்திருப்பது அநேகமாக டேவி கிரஹாமை. இந்தப் பாட்டை 1960களின் தொடக்கத்தில் கிட்டாரில் தனியாக வாசித்துக் காட்டியவர். அப்பா ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்காரர், அம்மா கயானாவைச் சேர்ந்தவர். மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசிப்பவர்களைக் கேட்டு, அவர்களோடு ஒத்துப்போக டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று தந்திகளை மாற்றிக் கட்டினார் என்பார்கள். இன்று ஐரிஷ் இசைக்கே உரிய டியூனிங் என்று பலர் நம்புவது அதைத்தான். நைலானில் ஒன்று, இரண்டு, ஆறு மூன்றையும் ஒரு முழுச்சுரம் இறக்கினால் தந்தி தொய்ந்து ஃபிரெட்டில் அடிக்கும். இறுக்கம் அதிகமுள்ள ஹை டென்ஷன் தந்தி செட் போட வேண்டியிருக்கும். உங்களுக்கு ஆறாம் தந்தி மட்டும் போதும்.

பாட வேண்டியதை வாசிக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்தப் பாட்டு காட்டிலிருந்து நேராக வந்ததல்ல. பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஹ்யூஸ் டோனகல் பகுதியில் மெட்டைச் சேகரித்தார். கவிஞர் பாட்ரிக் கோலம் ஒரு பழைய பாட்டின் சரணத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தானே எழுதினார். 1909இல் பியானோ பக்கவாத்தியத்தோடு அச்சானது. பிற்பாடு தெருக்களிலும் சந்தைகளிலும் பான்ஜோவோடு பாடித் திரிந்த மார்கரெட் பாரி இதைப் பாடிப் புகழ்பெற்றார். அசல் நாட்டார் குரல் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அவர் அதைக் கற்றது ஜான் மக்கார்மக் பாடிய கிராமஃபோன் தட்டிலிருந்து. மக்கார்மக் ஓபரா பாடகர்!

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். 1792இல் பெல்ஃபாஸ்டில், யாழ் போன்ற ஹார்ப் வாசிப்பவர்களில் மிஞ்சியிருந்தவர்களைத் திரட்டி வாசிக்கவைத்தார்கள். அவர்கள் வாசித்ததை எழுதிக்கொள்ள அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பன்ட்டிங், பத்தொன்பது வயது சர்ச் ஆர்கன்காரர். வந்தவர்களில் மூத்தவரான டெனிஸ் ஹெம்ப்சனுக்கு 97 வயது, பார்வை கிடையாது. பித்தளைத் தந்திகளை வளர்த்த நகத்தால் மீட்டும் பழைய முறை அவரிடம் மட்டுமே மிச்சமிருந்தது. பன்ட்டிங் அதையெல்லாம் கொண்டுபோய்ப் பியானோவுக்கு எழுதி அச்சிட்டார். பியானோவுக்குப் போன இசை கிட்டாருக்கு வரக்கூடாதென்று யார் தடுப்பது? நகத்தால் தந்தி மீட்டும் நீங்கள் பன்ட்டிங்கைவிட ஹெம்ப்சனுக்குத்தான் நெருக்கம்.

ஆனால் மூன்றாமவர் சொன்னதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கரெட் பாரி பாடியதை ஒரு மாதம் கேளுங்கள். அதுவரை வேறு யாருடைய கிட்டார் வாசிப்பையும் கேட்காதீர்கள், டேவி கிரஹாம் உட்பட.

அந்த ஒரு மாதமும் கை சும்மா இருக்க வேண்டாம். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ‘வந்தே மீனாக்ஷி’ உங்களுக்குத் தெரிந்திருக்கும், சிறுவயதில் பாடியிருக்கவும்கூடும். அதன் மெட்டு ‘ரேக்ஸ் ஆஃப் மேலோ’ என்ற ஐரிஷ் நடன மெட்டு. மேலோ, கார்க் மாவட்டத்தில் இருக்கும் ஊர். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்ததைக் கேட்டு, சங்கராபரணச் சுரங்களில் கமகம் இல்லாமல் அப்படியே எடுத்துச் சம்ஸ்கிருத சாகித்யம் போட்டிருக்கிறார். மதுரையில் உட்கார்ந்து மீனாட்சியை அயர்லாந்து மெட்டில் வாசிக்க உங்களைவிட யாருக்கு உரிமை? இது ஆடுவதற்கான மெட்டு, காலம் பிசகக்கூடாது. மெட்ரோனோம் வைத்தே வாசியுங்கள், ஆசிரியரும் திருப்திப்படுவார். ஜி மேஜரில் முதல் பொசிஷனிலேயே வந்துவிடும். தொடங்குவதற்கு முன் ஆறாம் தந்தியை மறக்காமல் ஈ-க்கு ஏற்றிவிடுங்கள்.