ஒரே நேரத்தில் மூன்று ஷவர்: எவ்வளவு வெந்நீர் வேண்டும்?

கேள்வி: குன்னூரில் புது வீடு கட்டி வருகிறோம். குளியலறைகள் மூன்று, வீட்டில் ஆறு பேர். பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் அவசரத்தில் காலையில் மூன்று ஷவர்களும் சேர்ந்தே ஓடும். குளியலறைக்கு ஒன்றாக 25 லிட்டர் கீசர் மாட்டினால் போதும் என்கிறார் எலக்ட்ரீசியன். கடைக்காரரோ உடனடி கீசரே நல்லது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி ஒருவர், குன்னூர்

பதில்: பூச்சு வேலைக்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், குழாய் புதைத்த பிறகு இதில் பாதியைத் திருத்த முடியாது.

குளியலறைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, காலையில் நெருக்கடியான அந்த அரை மணி நேரத்தைக் கணக்கில் எடுங்கள். சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும். தொட்டித் தண்ணீர் மார்கழியில் 15 டிகிரி இருப்பதாக வைத்துக்கொண்டால், மூன்று ஷவர்களுக்கு 40 டிகிரியில் உடனுக்குடன் சுடவைத்துத் தர ஏறத்தாழ 42 கிலோவாட் தேவைப்படும். 3 கிலோவாட் உடனடி கீசரால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான் தர முடியும் என்பதால், கடைக்காரரின் யோசனையைக் கைவிட்டுவிடலாம். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரிக்குச் சுட்ட நீர், தண்ணீர் கலந்து குளித்தால் நான்கரை நிமிடம் வரும். பிறகு அதன் 2 கிலோவாட் சூடேற்றும் சுருள் மறுபடி காய்ச்சி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை அடுத்தவர் துண்டும் கையுமாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆறு பேரும் எட்டு நிமிடம் வீதம் இரண்டு சுற்றாகக் குளித்தால் மொத்தம் 384 லிட்டர் செலவாகும். அதில் 60 டிகிரி வெந்நீரின் பங்கு 213 லிட்டர். தொட்டியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு வெதுவெதுப்பாகிவிடும் என்பதால் 270 லிட்டராவது சேமிப்பு வேண்டும். ஆனால் நிமிடத்துக்கு 6 லிட்டர் மட்டுமே விடும் ஷவர் தலைகளை மாட்டினால் 200 லிட்டர் போதும். இந்தக் கணக்கில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் சிக்கனம் அதுதான். ஷவரின் கீழ் வாளியை வைத்து ஒரு நிமிடம் ஓடவிட்டால் எவ்வளவு விழுகிறது என்று நீங்களே அளந்துவிடலாம். சமையலறைக்கும் வெந்நீர் வேண்டுமென்றால் 250 லிட்டராக வாங்குங்கள்.

ஆகவே என் பரிந்துரை, பொதுவான ஒரே சேமிப்புத் தொட்டி. 3 கிலோவாட் சுருள் 200 லிட்டரைக் காய்ச்ச மூன்றரை மணி நேரம் எடுக்கும். டைமர் வைத்து விடியற்காலை இரண்டரை மணிக்கே ஓடவிடுங்கள். வெயில் படும் கூரை இருந்தால் சோலார் நல்லது. மூடுபனி நாட்களுக்காக மின்சுருளும் உள்ளதாகப் பாருங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கவே கூடாது. அதன் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

பெரும்பாலான வீடுகளில் கோளாறு கீசரில் இருப்பதில்லை, குழாயில்தான் இருக்கிறது. பச்சைத் தண்ணீருக்குப் பிரஷர் பம்ப், வெந்நீருக்கு வெறும் மேல்நிலைத் தொட்டி என்று அமைத்தால், அழுத்தம் மிகுந்த பச்சைத் தண்ணீர், இரண்டையும் கலந்து தரும் மிக்ஸர் வழியாக வெந்நீர்க் குழாய்க்குள் ஏறிவிடும். அதனால் இரண்டுக்கும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும், ஒவ்வொரு மிக்ஸருக்கும் முன்னால், நீரைத் திரும்பி ஓடவிடாத நான்-ரிட்டர்ன் வால்வும் வேண்டும். பக்கத்து அறையில் ஃப்ளஷ் இழுத்ததும் ஷவரில் கொதிநீர் பாய்ந்து குழந்தைகளைச் சுட்டுவிடாதபடி, ஷவர்களுக்கென்று ஓர் அங்குலப் பச்சைத் தண்ணீர்க் குழாயை மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனியாக இறக்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் குளியலறைக்கு மட்டுமாவது, சூட்டைத் தானே ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட் மிக்ஸர் பொருத்துங்கள். முக்கால் அங்குலக் குழாயில் 15 மீட்டர் தூரம் ஓடினால் மூன்றரை லிட்டருக்கு மேல் ஆறிய நீர் வீணாகும் என்பதால், வெந்நீர்த் தொட்டியை மூன்று குளியலறைகளுக்கும் நடுவாக வைத்து, சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய்க்குச் சூடு காக்கும் உறை சுற்றிய பிறகே சுவரைப் பூசச் சொல்லுங்கள். அந்தத் தொட்டியில் மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் பிரஷர் ரிலீஃப் வால்வை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்க விடாதீர்கள். அதன் வடிகுழாய், ஆட்கள் நடமாடாத இடத்தில் திறந்திருக்கட்டும்.