ஸ்கோப் மவுண்ட்: கேட்டதும் சொன்னதும்

நியூசிலாந்தின் தென் தீவில் மானுக்கும் தாருக்கும் மலையேறுகிறவன் நான். தார் நம் வரையாட்டுக்கு இமயமலைப் பக்கத்துச் சொந்தம். 1904-ல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள், அது பெருகிவிட்டது. நண்பர்களின் ரைஃபிள்களுக்கு ஸ்கோப் பூட்டிக் கொடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அதனால் மவுண்ட், அதாவது ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) ரைஃபிளோடு பிடித்து நிறுத்தும் ரிங், ரெயில் பற்றிய சந்தேகங்களும் என்னிடமே வந்து சேர்கின்றன.

அண்ணா, டிக்கா டி3எக்ஸ் ரைஃபிள், 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கானது, வாங்கிவிட்டேன். ஸ்கோப்புக்கே 2,000 டாலர் போய்விட்டது. மவுண்டுக்கு 40 டாலர் ஒதுக்கினால் போதாதா?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன் தம்பி. பாறைத் திட்டில் 180 மீட்டரில் ஒரு தார் கிடா. நிதானமாகத்தான் சுட்டேன். அது அசையாமல் நின்று என்னையே பார்த்தது. மறுநாள் தாளில் சுட்டுப் பார்த்தால் எல்லாம் அரை அடி இடப்பக்கம். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போடக் கிளம்பிவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், முன் ரிங்கின் ஒரு ஸ்க்ரூ விரலாலேயே சுற்றியது. ஸ்கோப் குழாயின் கருப்பு மேல்பூச்சில் 2 மி.மீ. நீளத்துக்குப் பளபளவென்று ஒரு கீறல். ஒவ்வொரு வெடிக்கும் ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்திருக்கிறது. ரிங் அந்தக் காலத்தில் 30 டாலர்.

கையில் ஸ்கோப் இன்னும் பிரிக்காமல் இருந்தால், அதைக் கொடுத்து ஒரு படி விலை குறைந்ததாக மாற்றி, மிச்சத்தை மவுண்டில் போடு. டிக்காவின் மேல்பக்கத்திலேயே 17 மி.மீ. டவ்டெயில், அதாவது பக்கங்கள் உள்நோக்கிச் சாய்ந்த தடம், வெட்டியிருக்கிறார்கள். அதற்கென்றே செய்த நல்ல ரிங் நேராக உட்கார்ந்துவிடும். நடந்து வேட்டையாடுகிறவனுக்கு எடை குறைவு, பூட்டும் இடங்களும் குறைவு. இடங்கள் குறைந்தால் தளர்கிற வாய்ப்பும் குறையும். ஸ்கோப்புகளை மாற்றி மாற்றிப் பூட்டுவாய், தூரமாகச் சுடுவாய் என்றால் மட்டும் பிக்காட்டினி ரெயில், அதாவது குறுக்கே வரிசையாகப் பள்ளம் வெட்டிய பட்டை, போட்டுக்கொள்.

வீவர் ரெயிலும் பிக்காட்டினியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றனவே?

பள்ளத்தை அளந்தால் தெரியும். வீவரில் அகலம் சுமார் 4.6 மி.மீ., பிக்காட்டினியில் 5.2. பிக்காட்டினி 1995-ல் அமெரிக்க ராணுவத் தரமாக வந்தது, அதனால் பள்ளங்களுக்கு நடுவிலுள்ள தூரமும் எங்கும் ஒரே அளவு. வீவர் ரிங் பெரும்பாலும் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினி ரிங்கின் குறுக்குக் கம்பி வீவர் பள்ளத்தில் இறங்காது. எந்த ரெயிலாக இருந்தாலும் முடுக்குவதற்கு முன் ரிங்கை முன்பக்கம், அதாவது குழல் முனைப் பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். வெடிக்கும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். கம்பி ஏற்கெனவே பள்ளத்தின் முன்சுவரில் முட்டி நின்றால் நகர இடமில்லை.

50 மி.மீ. ஸ்கோப்புக்கு எந்த உயர ரிங்?

முட்டாத அளவுக்குத் தாழ்வாக. 50 என்பது முன்கண்ணாடியின் அளவுதான், வெளிவிட்டம் 57 வரை வரும். அதில் பாதி 28.5. அந்த இடத்தில் துப்பாக்கிக் குழலின் தடிமன் 18 என்றால் அதில் பாதி 9. கூட்டினால் 37.5. இடைவெளிக்கு 2, 3 மி.மீ. சேர்த்தால், குழல் மையத்திலிருந்து ஸ்கோப் மையம் 40 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். 'லோ', 'மீடியம்' என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஒரு கம்பெனி ரிங்கின் அடிவரை அளக்கும், இன்னொன்று மையம்வரை. போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்கோப்பில் இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

20 எம்.ஓ.ஏ. ரெயில் என்கிறார்களே, அது எதற்கு? எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம். 300, 400 மீட்டருக்குள் மான் சுடுகிறவர் தட்டை ரெயிலே போடலாம்.

எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று, 100 மீட்டரில் 2.9 செ.மீ. உங்கள் ஸ்கோப்பில் குறியை மேலும் கீழும் நகர்த்தும் திருகு திரும்பும் அளவு மொத்தம் 60 எம்.ஓ.ஏ. என்று வையுங்கள். தட்டை ரெயிலில் 100 மீட்டருக்கு ஜீரோ செய்தால், அதாவது குறிவைத்த இடத்திலேயே தோட்டா படும்படி திருகிவைத்தால், ஏறக்குறைய நடுவில் நிற்பீர்கள். மேலே 30 மிச்சம். கிரீட்மோர் தோட்டா 1,000 மீட்டரில் கீழே இறங்குவதை ஈடுகட்ட சுமார் 34 கேட்கும். நாலு குறைகிறது, திருகு முட்டி நின்றுவிடும். 20 எம்.ஓ.ஏ. ரெயில் ஸ்கோப்பின் முன்பக்கத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிடுவதால் மேலே 50, கீழே 10 என்று மாறிவிடும். அந்தச் சாய்வு எவ்வளவு தெரியுமா? 15 செ.மீ. ரெயிலில் ஒரு மி.மீ.கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் பின்முன்னாகப் பூட்டிக்கொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மொத்தமே 40 எம்.ஓ.ஏ. உள்ள பழைய ஒரு அங்குலக் குழாய் ஸ்கோப்பில் இதைப் போட்டால் கீழே ஒன்றும் மிஞ்சாது. 100 மீட்டர் ஜீரோவே கிடைக்காமல் போகலாம். ஸ்கோப்பின் கணக்கைப் பார்த்துவிட்டு ரெயில் வாங்குங்கள்.

அண்ணை, மெல்பேர்னிலிருந்து கேட்கிறேன். ரிங் ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்க வேணும்? ஸ்க்ரூ கழலாமலிருக்க லாக்டைட் பசை போடலாமோ?

தங்கச்சி, கை கணக்கு வேண்டாம். இறுக்கத்தை இன்ச்-பவுண்டில் காட்டுகிற சின்ன டார்க் டிரைவர் ஒன்று வாங்குங்கள். ரிங்கின் மேல்மூடிக்குப் பொதுவாக 15 முதல் 18. அதற்கு மேல் போனால் குழாய் நசுங்கும். ரெயிலைப் பிடிக்கும் குறுக்கு நட்டுக்கு, இரும்பு ரிங்காக இருந்தால், 65 வரைகூடச் சொல்வார்கள். தயாரித்தவர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு.

கார் சக்கர நட்டு மாதிரி குறுக்கும் மறுக்குமாக, கால் கால் சுற்றாக முடுக்குங்கள். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். நீல லாக்டைட் ஒரு சொட்டு, ரெயிலை ரைஃபிளோடு பூட்டும் பேஸ் ஸ்க்ரூவுக்கு மட்டும். மேல்மூடிக்குப் போட்டால் மரை வழுக்கி, அதே எண்ணில் அதிகமாக இறுகிவிடும். கடைசியில் ஸ்க்ரூ தலையிலிருந்து ரிங்வரை நகப்பூச்சால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. என் வீட்டில் சிவப்பு சீசா ஒன்று காணாமல் போன மர்மம் இன்னும் துலங்கவில்லை.

முடுக்குவதற்கு முன் ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோட்டை நேராக்க, 50 மீட்டரில் கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாலே போதும். சுடும்போது அந்தக் கோடு ஒரு பாகை சாய்ந்தால் 1,000 மீட்டரில் 17 செ.மீ. பக்கவாட்டில் போகும். அதனால் தூரச் சுடுதலுக்கு ஸ்கோப்பிலேயே ஒரு ரசமட்டம் மாட்டிக்கொள்வார்கள். 200 மீட்டர் மானுக்கு அதெல்லாம் தேவையில்லை.

சார், கோவையில் .177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறேன். ஸ்கோப் பின்னால் பின்னால் நகர்கிறதே? ஏர் ரைஃபிளில் பின்னுதைப்பே இல்லை என்றார்கள்.

இரண்டு உதைப்பு இருக்கிறது சார். பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் குதிக்கும். அந்த இரண்டாவதுதான் ஸ்கோப்பைப் பின்னுக்கு நகர்த்துகிறது. பெரிய ரைஃபிளுக்கு நேர் எதிர். உதை இரு பக்கமும் வருவதால் 'ஏர்கன்னுக்கு ஏற்றது' என்று போடாத ஸ்கோப்பின் உள்ளே ஏதாவது கழன்றுவிடும்.

11 மி.மீ. டவ்டெயிலுக்கான, இரண்டு ரிங்கும் ஒரே துண்டாக உள்ள மவுண்ட் வாங்குங்கள். அடியில் ஒரு சின்ன முள் இருக்க வேண்டும். ரைஃபிளின் மேல்பக்கத்தில் பின்னால் ஒரு துளை இருக்கிறதா பாருங்கள், முள் அதற்குள் இறங்கும்படி பூட்டிவிட்டால் நகராது. துளை இல்லையென்றால் மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு தடுப்புக்கட்டை பூட்ட வேண்டும். இந்தியாவில் வேட்டை 1972 சட்டப்படி குற்றம், தாளும் டப்பாவும்தான் உங்கள் இலக்கு. பத்து மீட்டர் போட்டிக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஸ்கோப்பே வேண்டாம், அங்கே அனுமதிக்க மாட்டார்கள்.