கரிம வேதியியலும் ஒரு சி பிளஸ்ஸும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நான்கைந்து ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் கரிம வேதியியல் ஆய்வக வகுப்புகளை நடத்தியவர் நீங்கள் என்பது நினைவிருப்பதால் இதை எழுதத் துணிந்தேன். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் ஆங்கில இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுத்து இப்போது இரண்டாம் ஆண்டை முடித்திருக்கிறாள். சென்ற ஆண்டு திடீரென்று மருத்துவம் படிக்கப் போவதாகச் சொன்னாள். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி வேதியியலில் ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்ததால், பொது வேதியியலின் இரண்டு பருவங்களையும் முடித்ததாகவே கல்லூரி வரவு (கிரெடிட்) வைத்துவிட்டது. நேராக ஆர்கானிக், அதாவது கரிம வேதியியல் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். கிடைத்தது சி பிளஸ். பயந்துபோய் இரண்டாம் பருவத்துக்குப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டாள்.

அந்த ஏபி வரவு மருத்துவக் கல்லூரிகளுக்குப் போதுமா? சி பிளஸ்ஸைத் திரும்பப் படித்து மாற்றிக்கொள்ளலாமா? மிச்சமுள்ள வேதியியலைக் கோடையில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் ஈராண்டுக் கல்லூரியில்) முடித்துவிட்டால் தவறா? கூடவே ஓர் ஆதங்கமும் உண்டு. ஸ்டெதஸ்கோப் பிடிக்கப் போகிறவளுக்கு இவ்வளவு பென்சீன் வளையம் எதற்கு?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டப்படிப்புக்குப் பிறகு சேரும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவான பாட விதி என்று ஒன்று கிடையாது. ஆய்வகத்தோடு கூடிய பொது வேதியியல் இரண்டு பருவம், கரிம வேதியியல் இரண்டு பருவம், உயிர்வேதியியல் ஒரு பருவம் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. இன்று பல கல்லூரிகள் கரிம வேதியியலின் இரண்டாம் பருவத்துக்குப் பதில் உயிர்வேதியியலை ஏற்கின்றன. ஸ்டான்ஃபோர்டைப் போன்ற சில, குறிப்பிட்ட பாடம் எதையும் கட்டாயமாக்காமல் பரிந்துரையோடு நின்றுவிடுகின்றன. ஆகவே ‘போதுமா’ என்ற கேள்விக்கு எந்தக் கல்லூரிக்கு என்று சொன்ன பிறகே விடை உண்டு. மகள் விண்ணப்பிக்கக்கூடிய பதினைந்து இருபது கல்லூரிகளை இப்போதே எழுதி வைத்துக்கொண்டு, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் ‘எம்.எஸ்.ஏ.ஆர்.’ தரவுத்தளத்தில் ஒவ்வொன்றின் வேதியியல் விதியையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். ஒரு நாள் வேலைதான். ஆனால் அதைச் செய்யாமல் நண்பர்கள் சொல்வதை நம்பித் திட்டம் போட்ட மாணவர்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

ஏபி வரவை உங்கள் மகளின் கல்லூரி ஏற்றுக்கொண்டது என்பது பாதி விடைதான். சில மருத்துவக் கல்லூரிகள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். சில, அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்றைப் படித்திருந்தால் ஏற்கும். சில ஏற்பதே இல்லை. ஏற்கும் இடத்திலும் அந்த வரவு மதிப்பெண் பட்டியலில் பதிவாகியிருக்க வேண்டும். பாடத்துக்கு வரவு கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்குக் கொடுக்காத கல்லூரிகளும் உண்டு என்பதால், அதையும் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், பொது வேதியியலின் இரண்டாம் பருவத்தை ஆய்வகத்தோடு கல்லூரியிலேயே படித்துவிடுவது மேல் என்பேன். அமிலமும் காரமும், சமநிலை, வினைவேகம் எல்லாம் வழக்கமாக அந்தப் பருவத்தில்தான் வருகின்றன; கரிம வேதியியலில் தடுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் தடுக்கி விழுகிறார்கள். பதினாறு வயதில் ஏபி தேர்வுக்காகப் படித்தது மூன்று ஆண்டுகள் கழித்துக் கைகொடுக்கும் என்று எதிர்பார்த்திருக்கக் கூடாது. ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே வரவு வைத்த பாடத்தையே மறுபடி எடுத்தால் சில கல்லூரிகள் ஏபி வரவை ரத்து செய்துவிடும். பதிவு செய்யுமுன் ஆலோசகரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

சி பிளஸ்ஸுக்கு வருகிறேன். விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்பும் ஆம்காஸ் சேவையில், திரும்பப் படித்தால் பழைய மதிப்பெண் அழியாது. இரண்டு முயற்சிகளும் கணக்கில் சேரும். நான்கு புள்ளிக் கணக்கில் முதல்முறை வாங்கிய சி பிளஸ்ஸுக்கு 2.3, மறுமுறை ஏ வாங்கினாலும் 4.0, சம அளவு வரவு என்றால் சராசரி 3.15. ஒரு பருவ உழைப்புக்கு அது மிகச் சிறிய கூலி. பல கல்லூரிகளில் சி அல்லது அதற்கு மேல் வாங்கியிருந்தால் பாட நிபந்தனை நிறைவேறியதாகவே கொள்கிறார்கள். எனவே திரும்பிப் போக வேண்டாம். இரண்டாம் பருவத்தையும் உயிர்வேதியியலையும் நன்றாகச் செய்து காட்டட்டும். தேர்வுக்குழுவின் கண்ணில் சி பிளஸ்ஸுக்குப் பின்னால் வரும் ஏ மைனஸ்ஸுக்கு ஒரு பொருள் உண்டு.

அதற்கு அவள் படிக்கும் முறை மாற வேண்டும். ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மறுபடிகமாக்கல் சோதனை. தூய்மையற்ற திண்மத்தைச் சூடான கரைப்பானில், கரையும் அளவுக்கு மட்டும் கரைத்து, குளிரவைத்தால் படிகம் இறங்க வேண்டும். ஒரு மாணவி பயத்தில் எத்தனாலைத் தாராளமாக ஊற்றிவிட்டாள். பனிக்கட்டித் தட்டில் அரை மணி நேரம் வைத்தும் குடுவையில் தெளிந்த நீர்மம்தான் இருந்தது. கையேட்டின் பக்கத்தை என்னிடம் காட்டி, ‘ஆறாவது படி முடிந்துவிட்டது, ஏழாவது படியில் வடிகட்டச் சொல்கிறது, எதை வடிகட்டுவது’ என்று கேட்டாள். படிகம் ஏன் இறங்கவில்லை என்று அவள் தன்னையே கேட்டிருந்தால், கரைப்பான் மிகுந்துவிட்டது, கொஞ்சம் கொதிக்கவைத்துக் குறைக்க வேண்டும் என்ற விடை தானாக வந்திருக்கும். குறைத்து, குளிரவைத்து, கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்சுவரைக் கீறச் சொன்னேன். கீறிய கோட்டிலிருந்து வெண்ணிற ஊசிகள் கிளம்பி ஒரு நிமிடத்தில் குடுவை நிறைந்தது. கரிம வேதியியலில் தோற்பவர்களில் பெரும்பாலோர் ஆறாவது படிவரை மனப்பாடமாக அறிந்தவர்கள்.

இலக்கியம் படிக்கிறவளுக்கு இந்தப் பாடம் அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் தமிழ்வழி படித்தவர் என்று எண்ணுகிறேன். புணர்ச்சி விதி நினைவிருக்கும். வாழையும் பழமும் சேரும்போது ஒரு ‘ப்’ தோன்றுகிறது. பல்லும் பொடியும் சேரும்போது ‘ல்’ திரிந்து ‘ற்’ ஆகிறது. மரமும் வேரும் சேரும்போது ‘ம்’ கெடுகிறது. கரிம வேதியியலின் சேர்க்கை வினை, பதிலீட்டு வினை, நீக்க வினை மூன்றையும் எனக்குப் புரியவைத்தது எங்கள் ஊர்த் தமிழாசிரியர் என்று வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒப்புமை முழுவதும் பொருந்தாது. ஆனால் ஆயிரம் வினைகளையும் தனித்தனியே நெட்டுரு போடாமல், எது எலக்ட்ரானைக் கொடுக்கிறது, எது வாங்குகிறது, எது வெளியேறுகிறது என்று கேட்டுப் பழகினால் அவற்றில் பெரும்பகுதி சில விதிகளுக்குள் அடங்கிவிடும். வாக்கியத்தில் எழுவாயையும் செயப்படுபொருளையும் கண்டுபிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு இது வராமல் போகாது.

உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி 1893இல் திறந்தபோதே பட்டப்படிப்பையும் அடிப்படை அறிவியலையும் நிபந்தனையாக்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 155 பள்ளிகளை ஆராய்ந்து ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் 1910இல் அளித்த அறிக்கை, வேதியியல் தெரியாதவரை மருத்துவப் பள்ளிக்குள் விடக் கூடாது என்று வாதிட்டது. கட்டணம் செலுத்தினால் பட்டம் என்றிருந்த காலத்தில் அது தேவைப்பட்ட கண்டிப்பு. பிற்காலத்தில் கரிம வேதியியல் கற்பிப்பதற்கென்று இல்லாமல் கழித்துக்கட்டுவதற்கான சல்லடையாகவும் ஆனது. அந்தத் துறையில் சம்பளம் வாங்கியவன் என்றாலும் இதை மறுக்க மாட்டேன். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் பள்ளி 1987 முதல் கலைத்துறை மாணவர்களைக் கரிம வேதியியலும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வும் இல்லாமல் சேர்த்துப் பார்த்தது. அவர்கள் மற்றவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகவே படித்துத் தேறினார்கள். ஆனால் அத்தகைய திட்டங்களுக்குக் கல்லூரியின் இரண்டாமாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் மகள் அந்த வாசலைத் தாண்டி வந்துவிட்டாள்.

இருந்தாலும் பென்சீன் வளையம் வீண் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் அந்த வளையத்தைக் கொண்ட சாலிசிலிக் அமிலத்தின்மேல் ஓர் அசிட்டைல் தொகுதியை ஏற்றி ஆஸ்பிரின் தயாரிப்பார்கள். அந்த மாத்திரை உடலுக்குள் போனதும் அதே அசிட்டைல் தொகுதியைக் கழற்றி, இரத்தம் உறைய உதவும் தட்டணுவிலுள்ள ஒரு நொதியின்மேல் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை; புது நொதி செய்துகொள்ள முடியாது. அது அழிந்து புதிய தட்டணு வரும் ஏழு முதல் பத்து நாட்கள்வரை மருந்தின் விளைவு நீடிக்கும். சில அறுவை சிகிச்சைகளுக்கு ஒரு வாரம் முன்பே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வதன் காரணம் இதுதான். இதை வேதியியலாக அறிந்த மருத்துவருக்கு அந்த ஒரு வாரம் மறக்காது.

கோடையில் கம்யூனிட்டி காலேஜ் என்ற யோசனை எனக்கு உவப்பானதல்ல. அங்கே தரம் குறைவு என்ற எண்ணத்தில் சொல்லவில்லை. அருமையான ஆசிரியர்களை அங்கே கண்டிருக்கிறேன், அந்தப் பாடங்களை ஏற்கும் மருத்துவக் கல்லூரிகளும் பல. பதினைந்து வாரப் பாடத்தை ஆறு அல்லது எட்டு வாரத்தில் நெருக்கும்போது, ஏற்கெனவே அடித்தளம் ஆட்டம் கண்டவள் இன்னும் திணறுவாள். தன் கல்லூரியில் சி பிளஸ் வாங்கிவிட்டு மிச்சத்தை வெளியே முடித்தால் ஒதுங்கிப் போனதாகவும் படிக்கப்படலாம். இந்தக் கோடையில் முதல் பருவப் புத்தகத்தை, குறிப்பாக அமில-கார அத்தியாயத்தை, கையில் பென்சிலோடு மறுபடி படிக்கட்டும். மூன்றாமாண்டின் முதல் பருவத்தில் பொது வேதியியல், அடுத்ததில் கரிம வேதியியலின் இரண்டாம் பருவம், நான்காமாண்டின் தொடக்கத்தில் உயிர்வேதியியல், அது முடிந்த கையோடு எம்கேட். 2015இல் மாற்றியமைக்கப்பட்ட அந்தத் தேர்வின் வேதியியல்-இயற்பியல் பகுதியில் ஏறத்தாழ 30 விழுக்காடு பொது வேதியியலும் 25 விழுக்காடு உயிர்வேதியியலும் வருகின்றன. கரிம வேதியியல் 15 விழுக்காடுதான். இடையில் ஓராண்டு போகும். மருத்துவக் கல்லூரியில் சேர்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படி இடைவெளி விட்டுத்தான் சேர்கிறார்கள், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பாடங்கள் முழுவதும் விண்ணப்பிக்கும் நாளிலேயே முடிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலான இடங்களில் சேரும் நாளுக்குள் முடித்தால் போதும்.

இயற்பியலைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆய்வகத்தோடு இரண்டு பருவ இயற்பியலையும் பல கல்லூரிகள் கேட்கும். எம்கேட்டின் அதே பகுதியில் அதற்குக் கால் பங்கு இருக்கிறது. கரிம வேதியியல் ஆய்வகம் நடக்கும் பருவத்தில் இயற்பியல் ஆய்வகத்தையும் சேர்த்து வைத்துவிடாதீர்கள். அது எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் தெரிவியுங்கள். மகளே எழுதினால் இன்னும் நல்லது, ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்