ஊசிக்கு பில் வாங்கினீர்களா?

கே: ராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காசு கட்டி, என் வீட்டுக்காரருக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டோம். போட்ட கையோடு அனுப்பிவிட்டார்கள். ஆட்டோ உச்சிப்புளி தாண்டவில்லை, முகம் வீங்கி மூச்சு முட்டியது. மூன்று நாள் ஐ.சி.யூ. "ஒவ்வாமை யாருக்கும் வரும், நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார்கள். நஷ்டஈடு கிடைக்குமா?
- வாசகி, தங்கச்சிமடம்

ப: அம்மா, ஒவ்வாமை வந்தது என்பதற்காக மட்டும் நுகர்வோர் ஆணையம் காசு தராது. அமெரிக்காவில் தவறு யாருடையது என்று கேட்காமலே கொடுக்க 1986-லேயே சட்டம் போட்டார்கள். இங்கோ நீங்கள் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டைக் காட்ட வேண்டும். முன்பு ஒவ்வாமை உண்டா என்று கேட்டார்களா? அரைமணி நேரம் உட்காரவைத்தார்களா? கடுமையான ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். தொடையில் அட்ரினலின் போடுவதுதான் முதல் வைத்தியம். உடனே அனுப்பியதுதான் உங்கள் பிடி. கையெழுத்து அலட்சியத்துக்குத் தந்த அனுமதி அல்ல.

இனி என் வயிற்றெரிச்சல். சீலா வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். உடம்பில் ஏறும் மருந்தின் பாட்டிலைப் பார்ப்பதில்லை. பேட்ச் எண், காலாவதி தேதி, போட்ட நேரம் மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள், பில்லோடு. தொண்டியில் நான் வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரி ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. வாரண்டி அட்டையில் முத்திரை இல்லையாம், கடைக்காரர் கைவிரித்தார். அது பேட்டரி, போகட்டும். இது உயிர்.

சிகிச்சைக் குறிப்புகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கே: குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்ட ஊசியால் இதே நிலை. நுகர்வோர் வழக்கு போடலாமா?
- தேவிபட்டினம்

ப: முடியாது. எல்லோருக்கும் இலவசம் என்றால் அது நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. அலட்சியம் நடந்திருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். தடுப்பூசி பாதிப்பாகப் பதிவு செய்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

கே: தடுப்பூசி நஷ்டஈடு வாங்கித் தருவதாக வாட்ஸ்அப்பில் வந்தவருக்கு ஜிபேயில் ரூ.2,000 போட்டேன். போன் எடுப்பதில்லை.
- கீழக்கரை

ப: முகம் தெரியாதவனுக்கா தம்பி? சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், இன்றே.

கே: பில் போட்டால் வரி கூடும் என்றார்கள், பில் இல்லாமல் ஃப்ரிட்ஜ் எடுத்தேன். கூலிங் இல்லை. வழக்கு நிற்குமா?
- ஏர்வாடி

ப: ஜிபே ரசீது இருந்தால் அனுப்புங்கள், பார்க்கலாம். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எனக்கு எழுதாதீர்கள்.