பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்பவரின் படபடப்பு: கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பகுதியில் பள்ளி, கல்லூரி மாணவர்களையும் ஊர் இளைஞர்களையும் மலையேற்றம், கோட்டை, பறவைகள் சரணாலயம், முகாம் என்று அழைத்துச் செல்லும் பொறுப்பாளர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். காரைக்குடி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியராகவும் சாரண ஆசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான், மருத்துவன் அல்லன். கிளம்பும் நாள் ஒவ்வொன்றிலும் விடியற்காலையில் எனக்கும் வயிறு கலங்கியிருக்கிறது என்பதுதான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எனக்குள்ள தகுதி.

தேவகோட்டை, பள்ளி ஆசிரியை: ஐயா, எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரை அடுத்த மாதம் பிரான்மலைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நாள் நெருங்க நெருங்க உறக்கம் வரவில்லை; ஏதாவது ஆகிவிடுமோ என்ற எண்ணமே சுற்றிச் சுற்றி வருகிறது. இவ்வளவு பயப்படுகிற நான் இந்தப் பொறுப்பை ஏற்பது சரியா?

ஏற்கலாம், அம்மா. பயமே இல்லை என்று சொல்கிறவரோடு என் பேரனை மலைக்கு அனுப்ப நானே யோசிப்பேன். உங்கள் உறக்கத்தைக் கெடுப்பது அந்த ‘ஏதாவது’ என்ற சொல்தான். அதற்கு முகமும் இல்லை, முடிவும் இல்லை. இன்று இரவே ஒரு தாளை எடுத்து, என்ன ஆகும், யாருக்கு ஆகும், எந்த இடத்தில் ஆகும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். ‘ஆஸ்துமா உள்ள பெண்ணுக்குப் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கலாம்’ என்று எழுதிய உடனே, அவளுடைய இன்ஹேலர் பேருந்தில் கிடக்கும் பெட்டியில் அல்லாமல் அவள் கையிலேயே இருக்க வேண்டும், அவளோடு நடக்க ஒருவர் வேண்டும், முன்னதாக அவள் பெற்றோரிடம் பேச வேண்டும் என்று மூன்று வேலைகள் தாமாக முளைக்கும். ‘தண்ணீர் போதாமல் போகலாம்’ என்பது தலைக்கு இரண்டு லிட்டர் என்ற கணக்காகவும் நான்கைந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களாகவும் மாறிவிடும்.

அடுத்து, ஒரு வாரம் முன்னதாக, உடன் வரவிருக்கும் ஆசிரியர் ஒருவரோடு அதே நேரத்தில் அதே வழியில் ஒருமுறை ஏறிவிட்டு வாருங்கள். இதை நான் எவருக்கும் விட்டுக்கொடுத்துச் சொல்வதில்லை. பிரான்மலை ஏறத்தாழ 2,500 அடி உயரம். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா, பாரியின் பறம்புமலை என்ற பெருமை எல்லாம் புத்தகத்திலேயே கிடைக்கும். ஆனால் நிழல் எந்த வளைவில் முடிகிறது, அலைபேசிக்குச் சமிக்ஞை எங்கே அறுகிறது, வண்டி எதுவரை வரும், குரங்குகள் எங்கே கூட்டமாக உட்கார்ந்திருக்கும் என்பவை கால் நடந்தால்தான் தெரியும். நம் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் நகரத்தார் கூட்டத்தில் முதியவர்களும் அத்தனை தூரம் கலங்காமல் போகிறார்கள் என்றால், பக்தி ஒரு காரணம். எந்த ஊரில் தங்கல், எங்கே சோறு என்பது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வழி என்பது மற்றொரு காரணம்.

எல்லா வேலையும் முடிந்த பிறகும் தாளில் இரண்டு மூன்று வரிகள் மிஞ்சும். அவற்றுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. அவை உங்களோடு மலைக்கு வரும், திரும்பியும் வரும். அவற்றை விரட்டுவதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். ஒன்றைக் கேட்க மறந்தேன்: உடன் வரும் பெரியவர்கள் எத்தனை பேர்? 36 பிள்ளைகளுக்கு உங்களையும் சேர்த்து நால்வருக்குக் குறைந்தால் உங்கள் பயம் நியாயமானது. அதைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பள்ளத்தூர், இளைஞர் மன்றப் பொறுப்பாளர்: தலைகளை எண்ணுவது எனக்கு நோயாகவே ஆகிவிட்டது, ஐயா. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுகிறேன்; எண்ணி முடித்ததும் தவறாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடியும் தொடங்குகிறேன்.

தம்பி, இதற்கு என் கதையையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் திருமயம் கோட்டைக்கு 41 மாணவர்களை அழைத்துச் சென்றேன். மேலே பீரங்கி இருக்கும் மேடையிலிருந்து இறங்கி வந்து எண்ணினால் 40. மறுபடியும் 40. அந்த இருபது நிமிடத்தில் நான் பார்க்காத பாறை இடுக்கு இல்லை, வேண்டாத தெய்வம் இல்லை. கடைசியில் பையன் மதில் நிழலில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஓராண்டுக் காலம் நானும் உங்களைப் போலவே எண்ணிக்கொண்டிருந்தேன். அதனால் கண்ட பலன், எண்ணுவதில் கண் போனதால் வழியில் கண் இல்லாமல் போனது மட்டுமே.

நகர்ந்துகொண்டிருக்கும் நாற்பது பேரை ஒருவர் எண்ணினால் பிழை வரத்தான் செய்யும். 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் சாரண முகாமிலேயே சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, அணிக்கு ஒரு தலைவனை வைத்தார். நூற்றாண்டு கடந்தும் அந்த ஏற்பாட்டை விஞ்சும் வேறொன்றை நான் பார்க்கவில்லை. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரித்துவிடுங்கள். ஆறு பேரில் ஒருவர் இல்லையென்றால் எண்ணாமலேயே தெரியும். அணித் தலைவன் உங்களிடம் வந்து வாயால் சொல்ல வேண்டும். அதற்கான இடங்களையும் முன்பே குறித்துவிடுங்கள்: பேருந்தில் ஏறும்போது, இறங்கும்போது, ஏற்றம் தொடங்கும் இடம், உச்சி, சாப்பாடு, நீர்நிலை அருகில் சென்று திரும்பும்போது. இவற்றுக்கு இடையில் எண்ணத் தோன்றினால் எண்ணாதீர்கள். முதல் இரண்டு பயணங்களில் கை நடுங்கும், மூன்றாவதில் குறையும். வரிசையின் கடைசியில் நடக்க நம்பகமான ஒருவரை நிறுத்துங்கள். அவருக்குப் பின்னால் எவரும் தங்கிவிடக் கூடாது என்பதே சட்டம். வீட்டிலும் பூட்டிய கதவைப் பத்து முறை பார்க்கும் வழக்கம் இருக்கிறது என்றால் மட்டும் மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்; அது பயணத்தைச் சேர்ந்த சிக்கல் அல்ல.

கானாடுகாத்தான், தன்னார்வலர்: ஊருணியைக் கண்டதும் பையன்கள் இறங்கிக் குளிக்க வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். மறுத்தால் முகம் சுளிக்கிறார்கள். அனுமதித்தால் எனக்கு உயிரே போகிறது.

முகம் சுளிக்கட்டும். நம் ஊருணிகளின் ஆழம் வெளியிலிருந்து தெரியாது, படிகளில் பாசி, அடியில் சேறு. நீச்சல் தெரிந்தவனும் சேற்றில் கால் புதைந்தால் கலங்கிவிடுவான். குடிநீர் ஊருணி என்றால் அதில் கால் நனைப்பதே ஊருக்கு அடுக்காது. ‘தண்ணீரில் இறங்குவது இல்லை’ என்பதைப் பேருந்து கிளம்பும் முன்பே பெற்றோர் எதிரில் சொல்லிவிட்டால், கரையில் நின்று வழக்காட வேண்டியிருக்காது. கயிறு ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். ஒருவன் விழுந்துவிட்டால் கயிறோ கம்போ துண்டோ நீட்டுவதுதான் முதல் வேலை. பின்னாலேயே இன்னொருவன் குதிப்பதால்தான் ஒரு சாவு இரண்டாகிறது.

காரைக்குடி, நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்: ஏழு நாள் முகாமின் மூன்றாம் நாள், மாணவர்களோடு நடந்துகொண்டிருக்கையில் திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது. மருத்துவர் இதயத்தில் குறை இல்லை என்கிறார். மாணவர்கள் பார்த்துவிட்டார்களே என்பதுதான் இப்போது என்னைத் தின்கிறது.

முதலில் மருத்துவரைப் பார்த்தீர்களே, அதுவே சரி. இப்படி முதன்முறை வரும்போது எவரும் தாமாக ‘வெறும் பயம்’ என்று முடிவு கட்டக் கூடாது. நெஞ்சு வலி கைக்கும் தாடைக்கும் பரவினால் 108ஐ அழைப்பதுதான் வழி. உங்களுக்கு நேர்ந்ததைப் பீதித் தாக்கு என்பார்கள். உடல் ஆபத்து என்று நினைத்து, நெஞ்சைத் துடிக்க வைக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, மூச்சு வேகமாகிறது, வேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரப்பதும் தலை சுற்றுவதும் வருகின்றன. அதைக் கண்டு மனம் இன்னும் அஞ்ச, அட்ரினலின் இன்னும் கூடுகிறது. இது சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே வடியும். மறுபடியும் வந்தால் குழுவை நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்களும் உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள்: நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு அல்லது ஏழு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் டிகிரி காப்பியோடு வெயிலில் இறங்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்; காப்பியும் நெஞ்சைத் துடிக்க வைக்கும், தூக்கம் குறைந்த முகாம் நாளில் அது இன்னும் மோசம்.

மாணவர்கள் பார்த்துவிட்டார்கள் என்கிறீர்கள். பார்க்கட்டும், அடுத்த கூட்டத்தில், ‘அன்று எனக்குப் படபடப்பு வந்தது, மருத்துவரைப் பார்த்தேன், இனி வந்தால் நான் உட்காருவேன், துணை அலுவலர் பொறுப்பை எடுத்துக்கொள்வார்’ என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் விளக்க வேண்டாம். நான் அறிந்த வரையில், இப்படிச் சொன்ன பொறுப்பாளரிடம்தான் மாணவர்கள் தங்கள் தலைசுற்றலையும் மாதவிடாய் வலியையும் மறைக்காமல் வந்து சொல்கிறார்கள். படபடப்பு அடிக்கடி வந்தால், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம்.

கோட்டையூர், ஒரு பாட்டி: என் பேராண்டி கல்லூரியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தலைவனாக மலைக்குப் போகிறானாம். அவன் போய்த் திரும்பும் வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. போகாதே என்று சொல்லலாமா?

ஆச்சி, சொல்ல வேண்டாம். நீங்கள் மணிக்கு ஒருமுறை அழைத்தால் அவன் பிள்ளைகளைப் பார்ப்பதை விட்டு அலைபேசியைப் பார்ப்பான். ஏறும் முன் ஒரு சொல், இறங்கியதும் ஒரு சொல் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் செய்தி இல்லையென்றால் சமிக்ஞை இல்லை என்றுதான் பொருள். கட்டிக் கொடுக்கும் சீடையில் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள். மற்றப் பிள்ளைகளும் தின்பார்கள்.

சிங்கம்புணரி, கல்லூரி மாணவர்: மேற்குத் தொடர்ச்சி மலைக்கு நண்பர்கள் பதினைந்து பேரை அழைத்துச் செல்ல நினைக்கிறேன். குரங்கணி நினைவு வந்து கை நடுங்குகிறது.

நடுங்க வேண்டியதுதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் பலர் இறந்தார்கள். அதன் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. 2024இல் அரசே நாற்பது வழித்தடங்களை முன்பதிவு முறையில் திறந்திருக்கிறது. வழிகாட்டியும் உடன் வருவார். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. காய்ந்த புல் நிற்கும் கோடையில் போகாதீர்கள். அனுமதி இல்லாத வழியில் போகலாம் என்று நண்பர்கள் சொல்லும்போது உங்கள் கை நடுங்கினால், அந்தக் கை சொல்வதைக் கேளுங்கள்.

திருப்பத்தூர், சாரணியர் பொறுப்பாளர்: பாதி ஏற்றத்தில் ஒரு சிறுமி உட்கார்ந்து அழுதாள்; நகர மறுத்தாள். அவள் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. என்ன செய்திருக்க வேண்டும்?

‘பயப்படாதே’ என்று சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அந்தச் சொல் பயந்த பிள்ளையிடம் வேலை செய்து நான் பார்த்ததில்லை. மற்றவர்களைத் துணைப் பொறுப்பாளரோடு கொஞ்சம் முன்னே அனுப்பிவிட்டு, அவள் உயரத்துக்கு நீங்களும் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, கால் எங்கே வலிக்கிறது, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். பாதிப் பேர் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். பிறகு அந்த மரம் வரை போகலாமா, இறங்கலாமா என்று இரண்டு வழிகளை மட்டும் காட்டுங்கள். இறங்குவதைத் தேர்ந்தால், பெரியவர் ஒருவர் துணையோடும் அவள் தோழி ஒருத்தியோடும் இறங்கட்டும். அதைத் தோல்வியாக எவரும் பேசக் கூடாது. இதற்காகவும்தான் பொறுப்பாளர்கள் கூடுதலாக வேண்டும் என்கிறேன். சிறுமியருக்கு முதல் பயணம் மலையாக இல்லாமல் மழைக்காலம் முடிந்து வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளைப் பார்ப்பதாக இருந்தால் நல்லது. உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

புதுவயல், ஆசிரியர்: பாம்பு என்று எவராவது சொன்னாலே எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது.

கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கி, பாம்புக்கடி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அந்த மருத்துவமனை எது என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்துத் தாளில் எழுதி, ஓட்டுநரிடமும் ஒரு படி கொடுத்துவிடுங்கள்.

தேவகோட்டை ஆசிரியையிடமிருந்து இரண்டாவது கேள்வி: எல்லாம் நல்லபடியாக முடிந்து வீடு திரும்பிய பிறகும் அன்று இரவு முழுவதும் ‘அந்தப் பாறையில் அவன் வழுக்கியிருந்தால்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும் என்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?

ஓடும், அம்மா. எனக்கு இன்றும் திருமயம் ஓடுகிறது. கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்த செய்தி வந்ததும், பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, எந்த இடத்தில் நெஞ்சு திடுக்கிட்டது என்பதை அதே தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பாறையின் பெயரோ அடையாளமோ அதில் இருக்கட்டும். அடுத்த முறை அங்கே ஓர் ஆளை நிறுத்துவதற்கு அது உதவும். பிறகு தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டுக் குளித்துச் சாப்பிடுங்கள். அடுத்த நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.