அப்பாவுக்கு வெண்டிலேட்டர் வேண்டாமாம்: எழுதி வைத்தால் செல்லுமா?

கேள்வி: தக்கலைப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 74 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்தவர். உணவுக்குழாய்ப் புற்றுநோய் முற்றிவிட்டது. "ஒரு ஊசியப் போட்டு முடிச்சிருங்க மக்கா, மெஷின்ல மட்டும் போட்டுராதீங்க" என்கிறார். வெளிநாட்டில் கருணைக்கொலைக்கு அனுமதி உண்டாமே, இங்கே கேட்க முடியுமா? எழுதி வைத்தால் செல்லுமா? துபாயில் இருக்கும் அண்ணன் இந்தப் பேச்சை எடுத்தாலே சண்டைக்கு வருகிறான்.

பதில்: அப்பா ஒரே மூச்சில் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். முதலாவதை யாரும் செய்ய முடியாது. இரண்டாவது அவருடைய உரிமை.

நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல், கனடாவில் 2016 முதல், நிபந்தனைகளோடு மருத்துவரே உயிரை முடித்துவைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நம் நாட்டில் நோயாளியே கெஞ்சினாலும் அது குற்றம். அவராகவே செய்துகொள்ள உதவினால் தற்கொலைக்குத் தூண்டிய வழக்கு வரும். இங்கும் அனுமதிக்க வேண்டும் என்ற வாதம் புதிதல்ல. நோய்த்தணிப்புச் சிகிச்சைத் துறையில், அதாவது முற்றிய நோயின் வலியையும் வேதனையையும் குறைக்கும் மருத்துவத்தில், வேலை பார்க்கும் எனக்கு அதில் தயக்கம் உண்டு. "முடிச்சிருங்க" என்றவர்களில் பலர், வலி அடங்கியதும் கஞ்சி கேட்டதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே முதலில் வலியைக் கவனியுங்கள். மார்ஃபினுக்குப் பயப்படாதீர்கள். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். திருவனந்தபுரம் ஆர்சிசியில் (மண்டலப் புற்றுநோய் மையம்) காட்டுகிறீர்கள் என்றால் அங்கே இதற்கென்றே பிரிவு இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் வசதி உண்டு.

சரி, மெஷினுக்கு வருவோம். நினைவோடு இருக்கும்வரை எந்தச் சிகிச்சையையும் அப்பாவே வேண்டாம் என்று சொல்லலாம். பேச முடியாத கட்டத்துக்குத்தான் காகிதம். மும்பையில் தாக்குதலுக்கு ஆளாகி 42 ஆண்டுகள் சுயநினைவின்றிக் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில், மீள வழியில்லாதவருக்கு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்பதற்கு 2011-லேயே உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்தது. 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 'லிவிங் வில்', அதாவது பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உயில், செல்லும் என்றது. அப்போது மாஜிஸ்திரேட் முன்னால் கையெழுத்திட வேண்டியிருந்ததால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன் அப்பா கையெழுத்திட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்று செய்தால் போதும்.

எந்த நிலையில் எது வேண்டாம் என்று தெளிவாக எழுதுங்கள்: வெண்டிலேட்டர், நின்ற இதயத்தை அழுத்தி ஓடவைப்பது, குழாய் வழி உணவு. வலிக்கு மருந்து வேண்டும் என்பதையும் சேருங்கள். தனக்காக முடிவெடுக்க வேண்டியவர் பெயரை அப்பா அதில் எழுத வேண்டும். ஒருவருக்கு மேலும் எழுதலாம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். ஒரு நகலை உள்ளாட்சி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் "இது என்ன பத்திரம்?" என்று விழிக்கக்கூடும், பொறுமையாகச் சொல்லுங்கள்.

காகிதத்தைக் காட்டியவுடன் மெஷினைக் கழற்றிவிட மாட்டார்கள். மருத்துவமனையின் மருத்துவர் குழு பார்க்கும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் இடம்பெறும் இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போகும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம்.

உயிலுக்கு அண்ணன் கையெழுத்து தேவையில்லை. ஆனாலும் அவரை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் பெரியவர் எல்லாம் எழுதி பீரோவில் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். வளைகுடாவில் இருந்த மகனுக்கு அது தெரியாது. நடுராத்திரி போனில் அவன் அழுத அழுகையில் டாக்டர் குழாயைப் போட்டார். பெரியவர் ஒன்பது நாள் அப்படியே கிடந்தார். வீடியோ காலில் அப்பாவையே அண்ணனிடம் பேசச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்துச் சொன்னால் தங்கையின் அவசரமாகத்தான் அவர் காதில் விழும்.

உயிலின் நகலை ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கும் பிளாஸ்டிக் கவரில் முதல் காகிதமாக வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் நேரத்தில் கைக்கு வருவது அந்தக் கவர்தான்.