கேஸுக்குள் மெஷின் ஆடுகிறதா? கைக்கடிகாரக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: கேஸுக்குள் (வாட்சின் வெளிக்கூடு) மெஷின் (உள்ளே ஓடும் இயந்திரம்) சரியாக நிற்கவில்லை. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவின் ஹெச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுக்கும் வாட்ச். காதருகே ஆட்டினால் உள்ளே டொக் டொக் என்கிறது. நேரம் வைக்கக் கிரவுனை (பக்கத்திலிருக்கும் திருகை) இழுத்தால் டயலே லேசாகச் சாய்கிறது. கடையில் உள்ளே காகிதம் மடித்து வைத்துக் கொடுத்தார்கள். ஒரு மாதம் நன்றாக இருந்தது, இப்போது பழையபடி ஆடுகிறது. – திண்டுக்கல் வாசகர்

முதல் வேலையாக அந்தக் காகிதத்தை எடுத்துவிடுங்கள். காகிதம் ஈரத்தை இழுக்கும். நார் உதிர்ந்து, இங்குமங்கும் ஆடி நேரத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் வீலுக்குள் போகும். ஒரு மாதத்தில் காகிதம் அமுங்கிவிட்டது, அதனால் ஆட்டம் திரும்ப வந்துவிட்டது.

சாதாரண வாட்ச்களில் டயலின் ஓரம் கேஸின் உள்விளிம்பில் போய் உட்காரும். பின்பக்கத்திலிருந்து ஏதாவது ஒன்று மெஷினை அந்த விளிம்போடு அழுத்திப் பிடிக்க வேண்டும். சிலவற்றில் அது கிளாம்ப்: நகக்கண் அளவுத் தகடு, ஒரு முனை கேஸ் சுவரின் பள்ளத்துக்குள் நுழைந்திருக்கும், மறுமுனை ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும். சிலவற்றில் மெஷினைச் சுற்றி உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு ரிங். மலிவான வாட்ச்களில் பின்மூடியே அந்த ரிங்கை அழுத்திக்கொண்டிருக்கும், ஸ்க்ரூவே கிடையாது.

இந்தக் கணக்கில் ஸ்டெம்மை, அதாவது கிரவுனிலிருந்து மெஷினுக்குள் போகும் கம்பியை, சேர்க்கக் கூடாது. சாவி கொடுக்கவும் நேரம் வைக்கவும் மட்டும்தான் அது. கிளாம்ப் போய்விட்டால் மெஷினின் பாரம் முழுவதும் அந்த மெல்லிய கம்பியில் தொங்கும். இழுக்கும்போது டயல் சாய்வது அதனால்தான். இப்படியே விட்டால் ஒருநாள் கிரவுன் கையோடு வந்துவிடும்.

பின்மூடியைத் திறந்து, மெஷின் ஓரத்தில் எதிரெதிரே காலியான ஸ்க்ரூத் துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் கிளாம்ப் தொலைந்திருக்கிறது. துளையில் ஸ்க்ரூவும் கிளாம்பும் இருந்தும் மெஷின் ஆடினால், ரிங் இல்லை அல்லது கேஸ் மாறியிருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கேஸின் உள்சுவரில் ஓரிடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். மெஷின் இடித்து இடித்து வந்த தடம் அது.

ஹெச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் அரசு முடிவெடுத்துவிட்டதால், உதிரிபாகத்துக்குப் பழைய உடைசல் வாட்ச்தான் கதி. அதே மாடல் கிடைத்தால் கிளாம்பையும் ஸ்க்ரூவையும் சேர்த்தே எடுங்கள். வேறு மெஷினின் ஸ்க்ரூவை வலுக்கட்டாயமாகத் திருகினால் மெஷினின் அடித்தளமான பித்தளைத் தட்டின் மரை அழிந்துவிடும். அப்புறம் இன்னும் பெரிய செலவு.

மாட்டும்போது ஸ்டெம்மை முதலில் போட்டு, இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொல்லுங்கள். இறுக்க இறுக்கக் கிரவுன் கனமாகிக்கொண்டே போனால் மெஷின் நேராக உட்காரவில்லை. முடிந்ததும் நான் ஒரு சோதனை செய்வேன்: ஸ்டெம்மை மறுபடி கழற்றிவிட்டு, வாட்சைக் கண்ணாடிப்பக்கம் கீழாகக் கவிழ்த்து லேசாக ஆட்டுவேன். சத்தம் வரக் கூடாது. ஸ்டெம் இருந்தால்தான் மெஷின் நிற்கிறது என்றால், வேலை முடியவில்லை.

ஈ.டி.ஏ. 2824 மெஷின் இருந்த கேஸில் சீகோ என்.ஹெச்.35 மெஷினைப் போட முடியுமா? இரண்டும் ஆட்டோமேட்டிக்தானே (கை அசைவிலேயே சாவி ஏறுவது)?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2824-இன் குறுக்களவு 25.6 மி.மீ., உயரம் 4.6 மி.மீ. என்.ஹெச்.35-க்கு அது 27.4, 5.32. பெரியதைச் சின்ன இடத்தில் நுழைக்க வேண்டியிருக்கும். அகலத்தைக் கேஸைக் கடைந்து சமாளித்தாலும் ஸ்டெம்மின் உயரமும் டயல் கால்களின் (டயலை மெஷினில் மாட்டும் ஊசிகள்) இடமும் வேறு. கிரவுன் துளையோடு நேராக வராது. 2824-க்குப் பதில் வேண்டுமென்றால் செல்லிட்டா எஸ்.டபிள்யூ.200 தேடுங்கள். அதே அளவு, அதே இடத்தில் உட்காரும்.

சின்ன மெஷினைப் பெரிய கேஸில் போடுவது இதைவிடச் சுலபம். சரியான ரிங் கடைந்துகொண்டால் போதும். ரிங்குக்குப் பதில் ஒட்டுநாடா சுற்றி இடத்தை நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வெயிலில் அந்தப் பசை இளகி எங்கே போகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

புது வாட்ச், மியோட்டா 8215 மெஷின். கையை உதறினால் உள்ளே காற்றாடி சுற்றுவதுபோல் சத்தம். மெஷின் கழன்றுவிட்டதா?

இல்லை. அது ரோட்டார், அதாவது கை அசைவில் சுற்றிச் சாவி ஏற்றும் எடை, சுற்றும் சத்தம். இந்த மெஷின் ஒரு பக்கம் சுற்றும்போதுதான் சாவி ஏற்றிக்கொள்ளும். மறுபக்கம் ரோட்டார் தடையில்லாமல் விர்ரென்று ஓடும். 'விர்' என்றால் பயப்படாதீர்கள். 'டக்' என்று ஒற்றைச் சத்தம் கேட்டாலோ, பின்மூடியின் உள்பக்கத்தில் வில்போல வளைந்த கீறல் இருந்தாலோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.

செல் மாற்றிய நாளிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச் விட்டு விட்டு ஓடுகிறது. கிரவுனை அழுத்தினால் உள்ளே போய், தானே வெளியே வருகிறது.

பிளாஸ்டிக் ரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கலாம், அல்லது அது மேஜையிலேயே தங்கியிருக்கலாம். ரிங்கில் ஸ்டெம்முக்கும் செல்லுக்கும் வெட்டு இருக்கும். அந்த வெட்டுக்கு நேராகத்தான் அது உட்கார வேண்டும். செல் மாற்றிய இடத்துக்கே போய், உங்கள் கண்முன்னால் திறக்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்களே குத்திப் பார்க்காதீர்கள்: செல்லுக்குப் பக்கத்தில் முடியைவிட மெல்லிய கம்பி சுற்றிய காயில் இருக்கிறது, ஸ்க்ரூடிரைவர் ஒரு தடவை வழுக்கினால் வாட்ச் அதோடு சரி.

கிளாம்ப் ஸ்க்ரூவின் தலை ஒடிந்து, தண்டு மட்டும் துளைக்குள் மாட்டிக்கொண்டது. துளைபோட்டு எடுக்கலாமா? – பழுதுபார்க்கப் பழகும் மாணவர்

துளைபோட வேண்டாம், நாட்டுமருந்துக் கடையில் படிகாரம் வாங்குங்கள். மெஷினை முழுக்கப் பிரித்து, பித்தளைத் தட்டை மட்டும் தனியாக எடுத்து, படிகாரம் நிறையக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் கண்ணாடிக் கிண்ணத்தில் போடுங்கள். படிகார நீர் எஃகைத் தின்னும், பித்தளையை அவ்வளவாகத் தொடாது. கொஞ்ச நேரத்தில் ஒடிந்த தண்டிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அது வருகிறதென்றால் வேலை நடக்கிறது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகலாம். தண்டு கறுத்துச் சேறாகிவிடும், குச்சியால் தள்ளினால் வந்துவிடும். பிறகு நன்றாக அலசிக் காயவையுங்கள்.

தட்டில் எஃகு வேறு எதுவும் இருக்கக் கூடாது. ஒருமுறை தட்டில் அடித்திருந்த ஒரு குட்டி ஊசியைக் கவனிக்காமல் விட்டேன். காலையில் வந்து பார்த்தால் ஸ்க்ரூவோடு அதுவும் போயிருந்தது. புது ஊசி செய்து அடிக்க எனக்கு ஒரு மதியம் முழுக்க ஆனது.

பழைய அமெரிக்கப் பாக்கெட் வாட்ச் வாங்கப் போகிறேன். கேஸும் மெஷினும் ஒரே ஜோடிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்மூடியைத் திறந்து, மெஷினைக் கேஸோடு பிடிக்கும் கேஸ் ஸ்க்ரூவின் தலை அழுத்தும் விளிம்பைப் பாருங்கள். இறுக்கி இறுக்கி அங்கே பிறைபோல ஒரு தடம் விழுந்திருக்கும். இப்போதுள்ள ஸ்க்ரூவுக்கு அடியில் மட்டும் தடம் இருந்தால் நல்லது. ஸ்க்ரூ இல்லாத இடத்திலும் தடம் இருந்தால், அந்தக் கேஸில் முன்பு வேறு மெஷின் குடியிருந்திருக்கிறது.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். அந்தக் காலத்தில் அங்கே மெஷினையும் கேஸையும் தனித்தனியாக விற்றார்கள். நகைக்கடையில் பொருத்திக் கொடுப்பார்கள். அதனால் இரண்டிலும் வேறு வேறு கம்பெனிப் பெயர் இருப்பது குற்றமில்லை. ஆனால் இரண்டு ஜோடித் தடம் இருந்தால், விற்பவர் 'ஒரிஜினல்' என்று சொன்னாலும் விலையைக் குறைத்தே கேளுங்கள்.